குடவோலையும் குடிவரவும்

எம் கல்லூரியின் விஞ்ஞானப் பிரிவிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்து, மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்ற பழைய மாணவர் சிலர் எமக்கு மடல் எழுதுவதுண்டு. இலக்கணங் கற்பித்தவரிடம் விசாவின் இலக்கணத்தையும் கேட்பதில் அவர்களுக்குக் கூச்சமில்லை. விடை கூறும் பொருட்டு யாமும் அதனைக் கற்கலாயினோம்.

அந்நாட்டிலே பட்டம் பெறும் அயல்நாட்டு மாணவர் 12 மாதம் தொழில் பார்க்கலாம். விஞ்ஞானம், தொழினுட்பம், பொறியியல், கணிதம் பயின்றோர்க்கு 2008இல் மேலும் 17 மாதம் அளித்தனர். 2016இல் அதனை 24 ஆக்கினர். அப்பால் தொழிலில் நிலைத்தற்குப் பெரும்பாலோர் நாடுவது, 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த எச்-1பி விசாவையே. அதன் ஆண்டெல்லை 65,000. அமெரிக்காவில் முதுமாணிப் பட்டம் பெற்றோர்க்கு மேலும் 20,000. 2001 முதல் 2003 வரை அவ்வெல்லை 1,95,000 ஆக இருந்தது. பட்டம் அதே பட்டந்தான். பெற்ற ஆண்டே வேறு.

விண்ணப்பங்கள் எல்லையை மீறின் குலுக்கல். உத்தரமேரூர்க் கல்வெட்டுக் கூறும் குடவோலை எமக்கு நினைவுக்கு வருகின்றது. ஆயின் அங்கே பெயர் வராதவன் தன் மனைக்கும் நிலத்துக்கும் திரும்பினான். இங்கே பெயர் வராதவன் பெட்டி கட்ட வேண்டும்.

மின்னியற் பொறியியலில் முதுமாணியான எம் மாணவர் ஒருவருக்கு, அந்த 36 மாதங்களுள் மூன்று முறை தொழிலகத்தார் விண்ணப்பித்தனர். மூன்று முறையும் பெயர் வரவில்லை. “சேர், நான் எதிலே பிழை விட்டேன்?” என எழுதினார். பிழை இருந்தாலன்றோ திருத்துவது! சிவப்பு மையாற் கட்டுரை திருத்திப் பழகிய எமக்கு விடை எழுத இரண்டு நாட் சென்றன. பல்கலைக்கழகங்களுக்கு அவ்வெல்லை இல்லை என்பதை ஈற்றில் எழுதினோம். அவர் இப்பொழுது ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலே பணிபுரிகின்றார். ஆராய்ச்சி பற்றி நிறைய எழுதுவார். சம்பளம் பற்றி எழுதுவதில்லை.

2025 செப்டெம்பரில், வெளிநாட்டிலிருப்போர்க்கான புதிய விண்ணப்பங்களுக்கு 1,00,000 டொலர் கட்டணம் விதித்துப் பிரகடனம் வெளியாயிற்று. அத்தொகை கொடுத்து யாழ்ப்பாணத்துப் புதுப் பட்டதாரியை யார் அழைப்பர்? தம் நாட்டிளைஞரின் ஊதியத்தைக் காக்கவே இவையெல்லாம் என்பர் அவர். அதனை முற்றும் மறுக்க எம்மாலியலாது. மகனுக்கு வேலை தேடுந் தந்தையர் அங்குமுளர். ஐக்கிய இராச்சியமோ, படிப்பின்பின் தொழில் பார்க்கும் வழியை 2012இல் அடைத்து 2021இல் மீண்டுந் திறந்தது.

உயர்தர வகுப்பிற் சேருமுன்னரே, “எந்த நாடு நல்லது, சேர்?” என மாணவர் வினவுகின்றனர். எந்தப் பாடம் பிடிக்கும் என்று யாம் திருப்பிக் கேட்கின்றோம். இவ்வாண்டு வினவியோர் ஐவர். இருவர் இன்னும் விடை கூறவில்லை.