பிரேக் ஆயில் புராணம்

காருக்கு ரீமேப் பண்ணியாச்சு, பெரிய டிஸ்க், நல்ல பேட் எல்லாம் போட்டாச்சு. மொத்தக் காசையும் கண்ணுக்குத் தெரியற எடத்துலயே கொட்டின புத்திசாலி நான். பிரேக் ஆயில் மட்டும் மூணு வருஷமா அது பாட்டுக்குக் கெடந்துச்சு.

கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவு. எறங்கும்போது பாதி வழியில பெடல் பஞ்சு மாதிரி உள்ள போச்சு. பின்சீட்டுல பொண்ணு தூங்கிட்டிருந்தா. ரெண்டாவது கியர், ஹேண்ட் பிரேக், மலைச்சுவர் ஓரம்னு எப்படியோ நின்னுச்சு. தங்கமணி ஒரு வார்த்தை பேசலை. அதான் பயமே. நல்லா ஆறினப்புறம் பெடல் ஒண்ணுமே நடக்காத மாதிரி கெட்டியா நின்னுச்சு.

ஆயில்னு சொல்றோமே தவிர அது கிளைக்கால். காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 புதுசுல கொதிநிலை குறைஞ்சது 230 டிகிரி, 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்தா 155தான். கொதிச்சா ஆவி. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். என் கால் அமுக்கினது ஆவியைத்தான்.

ரேஸ் ஆயில் 300 தாண்டும்னு ஆசை வந்துச்சு. அதை அடிக்கடி மாத்தணும், நானோ சோம்பேறி. அதனால டாட் 5.1: புதுசுல 260, ஈரம் சேர்ந்தா 180. (வெறும் டாட் 5 சிலிக்கோன், வேற ரகம். கலந்துடாதீங்க சாமி.) வருஷா வருஷம் மாத்தறதா காலண்டர்ல குறிச்சிருக்கேன்.

அடுத்த தடவை எறங்கறப்போ தங்கமணி பொண்ணைக் கூட்டிக்கிட்டு பஸ்ல வந்தாங்க. காரவள்ளி அடிவாரத்துல நான் காத்துக்கிட்டிருந்தேன் :-)