சரியா இருக்குன்னு யாரு பாத்துச் சொல்றா?

செமஸ்டர் எக்ஸாம் முடிந்த ராத்திரி, ஹாஸ்டல் ரூமில் எங்களிடம் மூன்று பிளான் இருந்தது. ஊட்டி, பாண்டிச்சேரி, ரெண்டும் இல்லேன்னா மூணு நாள் குப்புறப் படுத்துத் தூங்குவது. பர்ஸைத் திறந்து பார்த்ததும் முதல் ரெண்டும் தானாகவே கேன்சல். அப்போதுதான் ரூம்மேட் சொன்னான்... "எங்க ஊருக்கு வாடா. கடல் ஃப்ரீ, மீன் குழம்பு ஃப்ரீ, எங்க பாட்டி பேசுறதும் ஃப்ரீ!"

அவன் ஊர் இடிந்தகரை. பேரைக் கேட்டதும் எனக்கு டி.வி-யில் பார்த்த போராட்டப் பந்தல்தான் ஞாபகம் வந்தது. பக்கத்திலேயே கூடங்குளம் அணுமின் நிலையம். நான் படிப்பது ட்ரிபிள் ஈ. பவர் பிளான்ட் பேப்பரில் அணு உலைக்குப் படம் போட்டுப் பதிமூணு மார்க் வாங்கியவன். நிஜ உலையைத் தூரத்தில் இருந்தாவது பார்த்துவிடலாமே என்று பையைத் தூக்கிவிட்டேன்.

காத்தாடிக் காடு

கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் அன்ரிசர்வ்டு. பாதி ராத்திரி நின்றுகொண்டு, மீதி ராத்திரி யாரோ ஒருவர் தோளில் தூங்கிக்கொண்டு வள்ளியூரில் இறங்கினோம். அங்கிருந்து பஸ். ராதாபுரம் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே பனைமரமும் காற்றாலையும் மாறி மாறி ஓடுகின்றன. ஒரு பக்கம் காற்றில் கரன்ட், கொஞ்ச தூரம் தள்ளி அணுவில் கரன்ட். ட்ரிபிள் ஈ பசங்களுக்கு இதைவிடப் பொருத்தமான டூரிஸ்ட் ஸ்பாட் கிடையாது பாஸ்!

இடிந்தகரையில் இறங்கியபோது ஞாயிற்றுக்கிழமை காலை. யாரும் கடலுக்குப் போகவில்லை. லூர்து மாதா கோயிலில் பூசை முடிந்து ஊரே நல்ல உடுப்பில் வெளியே வந்துகொண்டிருந்தது. 2011-ல் உண்ணாவிரதப் பந்தல் நின்றது இந்தக் கோயிலுக்கு முன்னால்தான். இப்போது அந்த இடத்தில் சின்னப் பசங்க கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பந்து என் காலில் பட்டதும், "அண்ணே, பாலு!" என்று ஒரே சத்தம்.

கடற்கரைக்குப் போனோம். மணலில் ஏற்றி வைத்த ஃபைபர் வள்ளங்கள், மடித்து வைத்த வலைகள். கரையோரமாக மேற்கே பார்வையை ஓட்டினால்... அதோ! கான்கிரீட் கூம்புகளும் உருண்டை முகடுகளுமாக நிலையம் நிற்கிறது. இவ்வளவு பக்கமாகவா?! கோயில் கோபுரம் ஒரு பக்கம், உலையின் முகடு இன்னொரு பக்கம். நடுவில் நண்பனின் வீடு.

ஒரே வீடு, மூணு கட்சி

அந்த வீட்டுக்குள் போனதும்தான் நிஜமான டூர் ஆரம்பித்தது. பாட்டி பந்தலில் உட்கார்ந்தவர். சித்தப்பா நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர். நண்பனோ, கேட் எழுதி நியூக்ளியர் பவர் கார்ப்பரேஷனில் சேர வேண்டும் என்று ராத்திரி ரெண்டு மணி வரை உருப்போடுகிறவன். மூன்று பேரும் ஒரே சட்டி மீன் குழம்பைச் சண்டையில்லாமல் பங்கு போட்டுச் சாப்பிடுகிறார்கள்.

"சாப்பிட்டியளா, இன்னும் ரெண்டு துண்டு வைக்கட்டா?" என்று கேட்டுக்கொண்டே பாட்டி என் படிப்பை விசாரித்தார். சொன்னேன். நண்பன் பெருமையாக, "பாட்டி, இவன்தான் எங்க கிளாஸ் டாப்பர். பிளான்ட் பத்தி எது வேணா கேளு" என்று மாட்டிவிட்டான்.

நானும் சும்மா இருக்காமல் லெக்சரை ஆரம்பித்தேன். இது ரஷ்ய வி.வி.இ.ஆர். வகை உலை, ஒவ்வொன்றும் ஆயிரம் மெகாவாட். ரெட்டைச் சுவர் உறை இருக்கிறது. கரன்டே இல்லாவிட்டாலும் காற்றோட்டத்தை வைத்தே வெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாடு இருக்கிறது. எரிபொருள் உருகினால்கூட அதைப் பிடித்துவைக்க அடியில் கோர் கேச்சர் இருக்கிறது. சித்தப்பாவும் தன் பங்குக்குச் சொன்னார். உள்ளே போனால் சட்டையில் டி.எல்.டி. பேட்ஜ் மாட்ட வேண்டும். உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்பதை அது பதிவு செய்துகொள்ளும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அதைக் கணக்கெடுப்பார்கள்.

பாட்டி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி.

"எல்லாம் சரிய்யா. அது எல்லாம் சரியா இருக்குன்னு யாரு பாத்துச் சொல்றா? அவங்களுக்கு யாரு சம்பளம் குடுக்கா?"

டாப்பருக்கு வாயில் மீன் முள் மாட்டிக்கொண்டது. சிலபஸில் இல்லாத கேள்வி!

இன்டர்னலும் எக்ஸ்டர்னலும்

ரிட்டர்ன் ட்ரெயினிலும், அதற்கடுத்த ரெண்டு வாரம் லைப்ரரியிலும் அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. தேடிப் படித்ததை நம்ம பாஷையில் சொல்கிறேன்.

பாத்துச் சொல்றது ஏ.இ.ஆர்.பி. என்ற அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். 1983 நவம்பர் 15-ல் உருவானது. உலை கட்ட, எரிபொருள் நிரப்ப, இயக்க... எல்லாவற்றுக்கும் இவர்கள் அனுமதி வேண்டும். நல்லது. ஆனால், இந்த வாரியம் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு உருவாக்கியது அல்ல. 1962-ம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின் கீழ் அரசு உத்தரவால் வந்தது. பதில் சொல்ல வேண்டியது அணுசக்தி ஆணையத்துக்கு. அந்த ஆணையத்தின் தலைவர்தான் அணுசக்தித் துறையின் செயலாளர். அந்தத் துறையின் கீழ்தான் உலைகளை நடத்தும் நியூக்ளியர் பவர் கார்ப்பரேஷன்.

புரியலையா? நம்ம லேப் எக்ஸாமை நினைச்சுக்கோங்க. இன்டர்னல் மார்க் போடுபவர் நம்ம ஸ்டாஃப். அதனால்தான் எக்ஸ்டர்னல் என்று வேறு காலேஜில் இருந்து ஒருவர் வருகிறார். அந்த எக்ஸ்டர்னலும் நம்ம பிரின்சிபாலுக்குக் கீழேயே வேலை பார்ப்பவராக இருந்தால்? அவர் ரொம்ப நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால், ரிசல்ட்டைப் பார்க்கும் வெளி ஆள் எப்படி நம்புவார்?

இதை நான் மட்டும் சொல்லவில்லை. 1993 முதல் 1996 வரை இதே வாரியத்தின் தலைவராக இருந்த டாக்டர் ஏ.கோபாலகிருஷ்ணன், பதவியை விட்ட பிறகு வாரியத்துக்கு உண்மையான சுதந்திரம் வேண்டும் என்று பகிரங்கமாகவே எழுதினார். 2012-ல் சி.ஏ.ஜி. அறிக்கை வாரியத்தின் சட்ட அந்தஸ்தையே கேள்வி கேட்டது. விதியை மீறினால் அதிகபட்ச அபராதம் எவ்வளவு என்று அதில் இருந்தது தெரியுமா? 500 ரூபாய்! எங்க லைப்ரரியில் ஒரு ஃபாரின் ஆத்தர் புக்கைத் தொலைத்தால் அதைவிடப் பல மடங்கு கட்ட வேண்டும்.

2015-ல் சர்வதேச அணுசக்தி முகமையின் குழு வந்து பார்த்துவிட்டு, வாரியத்தின் தொழில்நுட்பத் திறமையைப் பாராட்டியது. கூடவே, அதன் சுதந்திரத்தைச் சட்டத்திலேயே உறுதி செய்யுங்கள் என்றும் சொன்னது. அதற்கு முன்னால், 2011-லேயே இதற்காக ஒரு மசோதா வந்தது. 2014-ல் மக்களவையின் காலம் முடிந்ததும் அதுவும் காலாவதி.

ஜப்பான் கட்டிய ஃபீஸ்

2011 மார்ச் 11... ஃபுகுஷிமா. அங்கேயும் இதே கதைதான். உலைகளைக் கண்காணித்த அமைப்பு, அணுமின்சாரத்தை வளர்க்கும் வேலையைப் பார்த்த அமைச்சகத்துக்குள்ளேயே இருந்தது. விபத்தை விசாரித்த ஜப்பான் நாடாளுமன்றக் குழு, 2012-ல் இதை மனிதர்கள் உண்டாக்கிய விபத்து என்றே எழுதியது. அலை வந்தது இயற்கை. ஆனால், கேட்க வேண்டியவர்கள் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காதது மனிதர் வேலை. அதே வருஷம் பழைய அமைப்பைக் கலைத்துவிட்டுத் தனி ஆணையம் வைத்தார்கள். பாடம் கற்க அவர்கள் கட்டிய ஃபீஸ் ரொம்ப அதிகம்.

ஃபிரான்ஸில் ஒரு விஷயம் எனக்குப் பிடித்தது. அங்கே அணுமின் நிலையங்களைச் சுற்றி உள்ளூர்த் தகவல் குழுக்கள் இருக்கின்றன. உள்ளூர் மக்கள் பிரதிநிதிகள், தொழிற்சங்கம், சுற்றுச்சூழல் அமைப்புகள், நிபுணர்கள் எல்லோரும் அதில் இருப்பார்கள். 2006-ல் வந்த சட்டம் இந்தக் குழுக்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமையை உறுதிப்படுத்தியது. பாட்டி ஃபிரான்ஸில் பிறந்திருந்தால் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருக்க மாட்டார். நேராக மீட்டிங்கிலேயே கேட்டிருப்பார்!

நம்ம ஊர் ஃபைல்

கூடங்குளத்துக்கு ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்துப் போட்டது 1988-ல். முதல் ரெண்டு உலைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வந்தது 1989-ல். பொதுமக்கள் கருத்துக்கேட்பு நடத்த வேண்டும் என்ற விதி அப்போது கிடையாது. அது பிறகுதான் வந்தது. அதாவது, ஊருக்குப் பக்கத்தில் இவ்வளவு பெரிய விஷயம் வரும்போது ஊரைக் கூப்பிட்டுக் கேட்கும் வழியே அன்றைக்கு இல்லை.

போராட்டக் காலத்தில் சு.ப.உதயகுமார் ஆர்.டி.ஐ-யில் உலையின் பாதுகாப்பு ஆய்வறிக்கையையும் இட மதிப்பீட்டு அறிக்கையையும் கேட்டார். கிடைக்கவில்லை. 2012 ஏப்ரலில் மத்தியத் தகவல் ஆணையம் 'கொடுங்கள்' என்று உத்தரவு போட்டது. வர்த்தக ரகசியம் ஏதாவது இருந்தால் அதை மட்டும் நீக்கிக்கொள்ளலாம் என்றது. நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது.

அந்த வருஷம் செப்டம்பர் 10-ல் இதே கடற்கரையில் போலீஸ் தடியடி, கண்ணீர்ப் புகை. ஆயிரக்கணக்கானவர்கள் மீது வழக்குகள். நண்பனுக்கு அப்போது ஆறு வயசு. கண் எரிந்ததும் பாட்டி முந்தானையை நனைத்து முகத்தில் மூடியதும் மட்டும் ஞாபகம் இருக்கிறதாம்.

2013 மே 6-ல் உச்ச நீதிமன்றம் உலைக்கு அனுமதி கொடுத்தது. ஆனால், சும்மா கொடுக்கவில்லை. பாகங்களின் தரத்தைச் சரிபார்ப்பதில் இருந்து, சுற்று வட்டாரத்தில் ஒத்திகை நடத்துவது, எரிந்த எரிபொருளை எங்கே வைப்பது, மக்கள் மீதான வழக்குகளை வாபஸ் வாங்க முயற்சி எடுப்பது வரை 15 உத்தரவுகள். அதே ஜூலையில் முதல் உலை இயங்க ஆரம்பித்தது. ரெண்டாவது 2016-ல். 3, 4-க்கு 2017-லும் 5, 6-க்கு 2021-லும் கட்டுமானம் தொடங்கியது.

அப்புறம் 2019. நிலையத்தின் கம்ப்யூட்டரில் வைரஸ் என்று பேச்சு கிளம்பியது. அக்டோபர் 29-ல் நிலையத் தரப்பு அப்படி எதுவும் இல்லை என்றது. மறுநாளே நியூக்ளியர் பவர் கார்ப்பரேஷன், ஆமாம், நிர்வாக நெட்வொர்க்கில் இருந்த ஒரு கம்ப்யூட்டரில் மால்வேர் இருந்தது, செப்டம்பரிலேயே தெரியும், உலையை இயக்கும் சிஸ்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றது. தொழில்நுட்பரீதியாக அந்த விளக்கம் சரிதான். ரெண்டும் தனித்தனி நெட்வொர்க். ஆனால் பாஸ், முதல் நாள் 'இல்லை', மறுநாள் 'ஆமாம்'. அடுத்த முறை 'இல்லை' என்றால் பாட்டி நம்புவாரா?

டாப்பரின் பதில்

கடைசியாக ஒரு நியூஸ். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் 'சாந்தி' என்ற சுருக்கப் பெயரில் புது அணுசக்திச் சட்டத்தை நிறைவேற்றியது. 1962 சட்டத்துக்குப் பதிலாக வருவது அது. ஏ.இ.ஆர்.பி-க்குச் சட்ட அந்தஸ்து, நாற்பது வருஷம் கழித்து! தனியார் கம்பெனிகளும் உலை நடத்தலாம் என்று கதவைத் திறந்திருப்பதால், எக்ஸ்டர்னலுக்கு இனி வேலை ஜாஸ்தி. ஆனால், சில தகவல்களைத் தடை செய்யப்பட்டவை என்று அரசு அறிவித்தால், ஆர்.டி.ஐ-யில் கேட்டும் வாங்க முடியாது என்ற பிரிவும் அதே சட்டத்தில் இருக்கிறது.

நான் அணு உலைக்கு எதிரியா, ஆதரவா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எனக்கு அது ரெண்டாவது கேள்வி. எங்க காலேஜில் இன்ஸ்பெக்ஷன் கமிட்டி வருவதற்கு முதல் நாள் ராத்திரி, மூன்று வருஷ மெயின்டனன்ஸ் ரெஜிஸ்டரை ஒரே பேனாவில் எழுதி முடித்த கூட்டத்தில் நானும் ஒருவன். கமிட்டி வந்தது, பார்த்தது, கையெழுத்துப் போட்டது. அன்றைக்குச் சிரித்தோம். இடிந்தகரையில் நின்று அந்த முகடுகளைப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. ரெஜிஸ்டரை எழுதுபவன் நாளைக்கு நானாகவோ என் ரூம்மேட்டாகவோ இருப்போம். அதை யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம் என்று இருந்தால்தான் நம்ம கையும் ஒழுங்காக எழுதும்.

போன வாரம் பாட்டிக்கு ஸ்பீக்கரில் போன் போட்டோம். வாரியம், ஆணையம், புதுச் சட்டம் எல்லாவற்றையும் பத்து நிமிஷத்தில் சொல்லி முடித்தேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு பேரனைக் கூப்பிட்டார்.

"ஏல, நீ உள்ள வேலைக்குப் போறதுன்னா போ. வேண்டாங்கல. ஆனா நான் வந்து கேட்டா, உள்ளது உள்ளபடி சொல்லுவியா?"

அவன் சட்டென்று "சொல்லுவேன் பாட்டி" என்றான். போனை வைத்த பிறகு என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டான்... "சொல்ல விடுவாங்களாடா?"

கேட் எக்ஸாமுக்கு அவன் இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறான். நான் பத்து ரூபாய்க்குப் போஸ்டல் ஆர்டர் வாங்கி வைத்திருக்கிறேன். ஆர்.டி.ஐ. மனுவில் பாட்டியின் கேள்வியை எந்த வார்த்தையில் எழுதுவது என்றுதான் இப்போது யோசனை. உங்க ஊர்ப் பக்கம் ஃபேக்டரியோ, அணையோ, பவர் பிளான்ட்டோ இருக்கா? லீவுக்குப் போனா மீன் குழம்பு சாப்பிடுங்க. சாப்பிட்டு முடித்ததும் இந்தக் கேள்வியையும் கேளுங்க... சரியா இருக்குன்னு யாரு பாத்துச் சொல்றா?