எந்தத் தேர்வுக்குப் படிக்கிறீர்கள்?

ஆறாம் ஆண்டின் தொடக்கத்தில் அவருடைய ஆய்வு உதவித்தொகை நின்றது. அதே மாதம் பல்கலைக்கழக விடுதி அறையையும் காலிசெய்ய வேண்டியிருந்தது. ஆய்வேட்டின் ஐந்து இயல்களில் மூன்று முடிந்திருந்தன. எஞ்சிய இரண்டையும் ஓராண்டுக்குள் எழுதிவிடலாம் என்னும் நம்பிக்கையோடு அவர் டோம்பிவிலிக்குக் குடிபெயர்ந்தார். மும்பையின் மத்திய ரயில் தடத்தில் தாணேவுக்கு அப்பால் உள்ள புறநகர் அது. அங்கே ஒரு கூடமும் ஒரு படுக்கையறையும் கொண்ட வீட்டில் கணவரும் அவருடைய பெற்றோரும் வசித்தார்கள்.

அந்த வீட்டில் அவருடைய ஆய்வுக்கு எதிரிகள் எவரும் இல்லை. ஆனால் இடமும் இல்லை. காலையில் கூடத்தில் மாமனார் செய்தி பார்ப்பார். கணவர் வீட்டிலிருந்தே அலுவலகப் பணி செய்யும் நாட்களில் படுக்கையறைக் கதவு மூடியிருக்கும். சாப்பாட்டு மேசை பத்து மணிக்குமேல் காய் நறுக்கும் மேசையாகிவிடும். சம்பளம் வரும் வேலைக்கு ஒரு கதவு கிடைத்தது. சம்பளம் நின்றுபோன வேலை மடிக்கணினியோடு வீட்டுக்குள் அலைந்தது. பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய்வர உள்ளூர் ரயிலிலும் பங்கு ஆட்டோவிலும் மூன்று மணி நேரம் ஆகும். ஒரு கல்லூரியில் மணிக்கணக்கு ஊதியத்துக்கு வாரம் மூன்று நாள் பாடம் நடத்தியும் வந்தார். மீந்த நாட்களை ரயிலுக்குக் கொடுக்க அவரால் முடியவில்லை.

அப்போதுதான் அவர் கோ-வொர்க்கிங் எனப்படும் கூட்டுப் பணியிடத்தைத் தேடினார். 2005இல் சான் பிரான்சிஸ்கோவில் பிராட் நியூபெர்க் என்னும் மென்பொருளாளர் இப்பெயரில் ஓர் இடத்தைத் தொடங்கினார். தனியாக வேலை செய்பவரின் சுதந்திரமும் அலுவலகத்தின் தோழமையும் ஒருங்கே கிடைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ரயில் நிலையத்துக்கு அருகே, ஒரு கடையின் மாடியில், அத்தகைய இடம் ஒன்று இருந்தது. கண்ணாடிக் கதவு, குளிரூட்டி, தேநீர் இயந்திரம் எல்லாம் உண்டு. மாதக் கட்டணம் 6,500 ரூபாய், முன்பணம் தனி. அங்கிருந்த மேலாளர் மரியாதையாகத்தான் கேட்டார்: "உங்கள் நிறுவனத்தின் பெயர்? ஜி.எஸ்.டி. எண்?" அவரிடம் இரண்டும் இல்லை.

வழியைச் சொன்னவர் மாமியார். "எதிர்வீட்டுப் பையன் சி.ஏ.வுக்குப் படிக்க எங்கேயோ போகிறானே, அங்கே கேட்டுப் பாரேன்." அந்த இடத்தின் பெயர் 'அப்யாசிகா'. மகாராஷ்டிரத்து ஊர்களில் நகராட்சிகளும் அறக்கட்டளைகளும் நடத்தும் படிப்புக் கூடம் அது. நம் படிப்பகத்தில் அங்குள்ள நாளிதழையும் நூலையும் வாசிக்கப் போவோம். அப்யாசிகாவுக்கோ அவரவர் புத்தகத்தை அவரவரே கொண்டுபோக வேண்டும். அங்கே கிடைப்பவை ஒரு மேசை, ஒரு விளக்கு, நாற்பது பேரின் மௌனம். கட்டணம் மாதம் 600 ரூபாய்.

"தாயி, எந்தத் தேர்வுக்கு?" என்று பொறுப்பாளர் கேட்டார். படிவத்தில் அதற்கென ஒரு கட்டம் இருந்தது.

"தேர்வு எதுவும் இல்லை. எழுதுகிறேன்."

"இது படிக்கும் இடம் ஆயிற்றே" என்றார் அவர். வயது வரம்பு 30 என்பதையும் சொன்னார். ஆய்வாளருக்கு வயது 34. சற்று யோசித்துவிட்டு, "பத்திலிருந்து நான்கு மணிவரை பெண்கள் பகுதியில் பாதி மேசைகள் காலிதான். அந்த நேரத்தில் வாருங்கள்" என்றார்.

மூன்றாம் நாள் பக்கத்து மேசைப் பெண் ஒரு துண்டுச்சீட்டைத் தள்ளினாள். விசைப்பலகையின் ஓசை படிப்பைக் கெடுக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. அன்றிலிருந்து அவர் பகலில் தாளில் எழுதினார்; இரவில் வீடு உறங்கிய பின் தட்டச்சு செய்தார். வேகம் குறைந்தது, ஆனால் நான்காம் இயல் நகரத் தொடங்கியது.

அந்த இயல் பி.டி.டி. சால்களைப் பற்றியது. வர்ளி, நாய்காவ் முதலிய இடங்களில் 1920களில் பம்பாய் வளர்ச்சித் துறை கட்டிய தொழிலாளர் குடியிருப்புகள் அவை. ஒரு குடும்பத்துக்கு 160 சதுர அடி அறை, கழிப்பறை பொது. அந்த அறையில் யார் எங்கே உறங்கினார்கள், எங்கே சமைத்தார்கள், இரவுப் பணி முடித்தவர் எப்போது படுத்தார் என்பதையெல்லாம் அவர் நேர்காணல்களிலிருந்து தொகுத்திருந்தார். எங்கே படித்தார்கள் என்று மட்டும் கேட்கவில்லை. ஆனால் விடை கைவசம் இருந்தது. வர்ளியில் 'அப்யாஸ் கல்லி' என்றே ஒரு தெரு உண்டு. இடமில்லாத வீடுகளின் பிள்ளைகள் தெருவிளக்கின் கீழ் அமர்ந்து படித்துப் படித்துத் தெருவுக்கே அந்தப் பெயர் வந்தது. ஆய்வேட்டில் அது ஓர் அடிக்குறிப்பாகக் கிடந்தது.

தமக்கென மேசை இல்லாமற்போன பிறகுதான் அந்த அடிக்குறிப்பின் எடை அவருக்கு விளங்கியது. வீட்டின் பரப்பைச் சுவர்களோடு நிறுத்தி அளந்தது பிழை. அறைக்குள் அடங்காத வாழ்க்கை தெருவில் தனக்கென ஓர் அறையை உண்டாக்கிக்கொண்டிருந்தது. அவர் மீண்டும் வர்ளிக்குப் போய், விட்டுப்போன கேள்வியைக் கேட்டார். ஒரு மூதாட்டி திருப்பிக் கேட்டார்: "இரவில் எங்களை அங்கே யார் விட்டார்கள்?" அந்த ஒரு வாக்கியத்தால் அடிக்குறிப்பு தனிப் பகுதியாக வளர்ந்தது. தெருவிளக்கின் வெளிச்சம் எல்லோருக்கும் பொதுவாக இருந்ததில்லை.

யு.ஜி.சி.யின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் முனைவர் பட்டத்துக்கு ஆறு ஆண்டுகளும், மறுபதிவின் வழியே மேலும் இரண்டும் அளிக்கின்றன. பெண்களுக்கு அதற்குமேல் இரண்டு ஆண்டுகள் தளர்வும் உண்டு. குடும்பம் பெண்ணின் நேரத்தை எடுத்துக்கொள்கிறது என்பதை விதி உணர்ந்திருக்கிறது. இடத்தையும் எடுத்துக்கொள்கிறது என்பதை இன்னும் உணரவில்லை. உதவித்தொகையும் விடுதியும் ஒருசேர முடியும் ஆண்டில்தான் ஆய்வாளர் எழுத உட்கார வேண்டியிருக்கிறது. எழுத்து நின்றுபோனால், அது அவருடைய ஊக்கக் குறைவாகவே கோப்பில் பதிவாகிறது. புறநகர்க் கல்லூரிகள் ஒவ்வொன்றிலும் நூலகம் உண்டு. வகுப்பு முடிந்த மாலைகளில் அவற்றின் மேசைகள் வெறுமையாகக் கிடக்கின்றன. எந்தப் பல்கலைக்கழகத்தில் பதிந்திருந்தாலும், அருகில் வசிக்கும் ஆய்வாளருக்கு அம்மேசைகளில் ஒன்றைத் தரலாம். இதற்குப் புதிய கட்டடம் வேண்டியதில்லை. ஓர் ஆணையும் ஒரு காவலாளியும் போதும்.

ஆறு மாதம் கழித்து அப்யாசிகாவில் உறுப்பினர் அட்டையைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. அவர் பேனாவை எடுக்குமுன்பே பொறுப்பாளர் படிவத்தை நிரப்பிவிட்டார். 'தேர்வு' என்ற கட்டத்தில், "எழுதுகிறார்" என்று இருந்தது.