பல்லும் பூட்டும்

முப்பது வருஷம் வெற்றிலையோடு புகையிலையையும் அடக்கிய பலன், திண்டுக்கல்காரனான என் முன்பற்கள் காவியேறிப் போயின. ஒன்று விளிம்பும் உடைந்தது. பெண்ணின் கல்யாணத்துக்குள் சரிசெய்துகொள்ளலாமென்று பல் வைத்தியரிடம் சென்றேன்.

"மெல்லிய ஓடு ஒட்டலாம்" என்றார். ஒரு காலத்தில் ஹாலிவுட் நடிகர்கள் படப்பிடிப்புக்கு மட்டும் ஒட்டிக்கொண்ட சங்கதிதான் அது. 1955-ல் மைக்கேல் பூனகோர் என்பவர், எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கி ஒட்டும் வழி கண்டார். பிற்காலத்தில் ஓடு நிலைத்ததும் அதனாலேயே.

பிசின் ஓட்டுக்குச் செலவு குறைவு, ஒரே நாளில் முடியும், உடைந்தால் செப்பனிடலாம். ஆனால் கறை பிடிக்கும். பீங்கான் ஓடு கறை ஏற்காது. பத்துப் பதினைந்து வருஷம் உழைக்கும். அதற்கோ பெரும்பாலும் பல்லை அரை மில்லிமீட்டர் அளவு சீவ வேண்டும். சீவிய எனாமல் மறுபடி வளராது.

"எது உத்தமம்?" என்றேன்.

அவர் பதில் சொல்லாமல், என் கன்னத்தின் உட்புறத்தில் இருந்த வெள்ளைத் திட்டைக் கண்ணாடியில் காட்டினார். "இது புற்றாகவும் மாறக்கூடும். முதலில் புகையிலையை விடுங்கள், ஐயா."

சோதனையில் அபாயமில்லை என்று தெரிந்தது. உடைந்த பல்லுக்கு மட்டும் பிசின் வைத்துக்கொண்டேன். மற்றவை காவியாகவே இருக்கட்டும்.

வெற்றிலைச் செல்லத்துக்கு நம்மூர்ப் பூட்டு ஒன்றைப் போட்டேன். சாவி என் பெண்ணிடம் இருக்கிறது.