கணுக்காலிலிருந்து உச்சந்தலைக்கு

லேபில் சி.ஆர்.ஓ.வில் அலை வராவிட்டால் என்ன செய்வோம்? புரோபை ஒவ்வொரு ஸ்டேஜாக வைத்து, சிக்னல் எங்கே செத்தது என்று தேடுவோம். (ஆறு பேருக்கு ஒரு சி.ஆர்.ஓ. என்பது வேறு கதை!) அதே வேலையை என் தங்கையின் உடம்பில் செய்தார்கள்.

அவளுக்கு முதுகெலும்பு வளைந்திருந்தது. கோவையில் ஆபரேஷன். "காலு கீலு வெளங்காமப் போயிருமோ சாமி" என்று அம்முச்சி புலம்பியது. பயம் நியாயம்தான். ஸ்குரூவும் கம்பியும் மாட்டி எலும்பை நிமிர்த்தும்போது தண்டுவடம் நசுங்கிவிடலாம். தூங்குகிறவளைக் கேட்கவும் முடியாது.

நான் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறேன் என்றதும் மயக்க டாக்டர் உட்காரவைத்து விளக்கினார். கணுக்கால் நரம்பில் சின்ன மின்துடிப்பு கொடுப்பார்களாம். சுமார் 40 மில்லி செகண்டில் அது மூளையின் மேற்புறத்துக்கு வந்து சேரும். தலையில் ஒட்டிய எலக்ட்ரோடில் கிடைப்பதோ ஓரிரு மைக்ரோவோல்ட்தான். நூற்றுக்கணக்கான துடிப்புகளைச் சராசரி எடுத்தால்தான் இரைச்சலுக்குள்ளிருந்து அலை தலைகாட்டும். அதன் உயரம் பாதியானாலோ, வரும் நேரம் 10 சதவீதம் தள்ளிப்போனாலோ சர்ஜனுக்கு எச்சரிக்கை.

சிக்கலே இங்கேதான். மூச்சு வழியே கொடுக்கும் ஐசோஃப்ளுரேன், செவோஃப்ளுரேன் வாயுக்களும் அந்த அலையைக் குட்டையாக்கும், தாமதமாக்கும். அளவு கூடக் கூட இன்னும் மோசம். அப்படியானால் அலை சரிந்தால் தண்டுவடம் நசுங்குகிறதா, காஸ் கூடிப்போச்சா?

நம் வைத்தியம்தான்: புரோபை மாற்றி வை! கழுத்தில் எடுக்கும் அலை இந்த வாயுக்களுக்கு அவ்வளவாக மசியாது. கழுத்தில் நன்றாக இருந்து தலையில் மட்டும் சரிந்தால் காஸ் மேல்தான் முதல் சந்தேகம். அதனால்தான் காஸைக் குறைத்து வைப்பார்கள், அல்லது நிறுத்திவிட்டு ரத்தக்குழாய் வழியே புரோபோஃபால் ஏற்றுவார்கள்.

மயக்கம் என்றால் மெயின் சுவிட்சை அணைப்பது என்றே நினைத்திருந்தேன். இல்லை! காலின் சேதி மூளை வாசல் வரை வருகிறது. உள்ளே வாங்கி, நாலு பேரிடம் சொல்லத்தான் ஆளில்லை. 1846-ல் பாஸ்டனில் மார்ட்டன் ஈதர் கொடுத்துக் காட்டினார். அந்த ஆள் எப்படிக் காணாமல் போகிறார் என்பது இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை.

ஆறு மணி நேரம் கழித்து, "கட்டைவிரலை ஆட்டு கண்ணு" என்றார் டாக்டர். ஆட்டினாள். அம்முச்சி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டது.

மறுநாள் தங்கச்சி கேட்டாள்: "காலுல கரண்டு வச்சாங்களாமா? எனக்கு ஒண்ணுமே தெரியலையேண்ணா!"