வாடகையா, சொந்தமா?

வீட்டுக்கு மட்டுமல்ல, கடைக் கணக்கு எழுதும் சாப்ட்வேருக்கும் இந்தக் கேள்வி உண்டு!

எங்களுடையது சிறிய பாத்திரக் கடை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து கணக்கு வேலையை வெளியில் கொடுத்து வந்தோம். போன வருஷம் கடையிலேயே 'டாலி' போடலாமென்று என் கணவர் விசாரித்தார். வாங்கினால் 22,500 ரூபாய். வாடகை என்றால் மாதம் 750. இரண்டுக்கும் 18 சதவீத வரி தனி.

"முப்பது மாச வாடகைதானே, வாங்கிடலாம்" என்றார். கையிலிருந்ததோ மூத்தவளின் காலேஜ் பீஸுக்காக நான் எடுத்து வைத்திருந்த சீட்டுப் பணம்.

"இருங்க, புதுப்பிக்கிற செலவைச் சேர்க்கலையே?" என்று பென்சிலை எடுத்தேன். சொந்தமாக வாங்கினாலும், வரி மாற்றங்களோடு வரும் புதுப் பதிப்புகளைப் பெற, இரண்டாம் வருஷத்திலிருந்து ஆண்டுக்கு 4,500 கட்ட வேண்டுமாம். அதையும் கூட்டினால், நாலு வருஷம் முடியும்போதுதான் இரண்டும் 36,000 என்று சமமாகிறது. அதற்குப் பிறகுதான் சொந்தம் லாபம்.

அவர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். "சரி, குழந்தை பீஸைக் கட்டிடு" என்றார். இப்போது வாடகை கடை வரவிலிருந்தே போகிறது.

பணம் சும்மா இருந்து, தொழிலும் நிலைத்ததென்றால் தாராளமாக வாங்குங்கள். புதுத் தொழில், கைப் பணம் குறைவு என்றால் வாடகையே மேல். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை, ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். ஆகவே வாடகை நின்ற பிறகு பழைய கணக்கை எப்படி எடுப்பது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை நகலும் எடுத்து பீரோவில் வையுங்கள்.