சதுர அடியும் சேர்ந்திருக்கும் நேரமும்

வீடு தேடும்போது சதுர அடியோடு, குடும்பமாய்ச் சேர்ந்திருக்கும் நேரத்தையும் கணக்கிடுங்கள்.

எங்கள்முன் இரண்டு வீடுகள் இருந்தன: தாம்பரத்தில் இரண்டு அறைகள் கொண்ட சிறு வீடு, அதே விலையில் செங்கல்பட்டுக் கொளவாய் ஏரிக்கருகே தோட்டத்துடன் தனி வீடு. என் மனைவி பணிபுரிவது சென்னைக் கடற்கரை நிலையத்தின் அருகே. அங்கிருந்து தாம்பரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். செங்கல்பட்டு ஏறத்தாழ 60. மின்சார இரயிலில் ஒரு வழிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூடுதல். ஐந்து வேலைநாட்களுக்குப் பத்து மணி நேரம். தோட்டத்தின்மேல் எங்களுக்கு மிகுந்த ஆசை. ஆயினும், பிள்ளைகள் உறங்குமுன் தாய் வீடு சேரவேண்டுமென்று சிறு வீட்டையே தெரிந்துகொண்டோம்.

மறைமலைநகரில் வேலை செய்வோருக்குச் செங்கல்பட்டே அருகாமை. ஆகவே எந்த ஊர் சிறந்தது என்று கேளாமல், மாலை ஜெபத்திற்கு எத்தனை பேர் கூடுவோம் என்று கேளுங்கள்.